குலவை போட்டுக் கிளம்பிய விமானம்

தென்காசியில் விமான நிலையம் கிடையாது. அதனால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இருந்திருந்தால் அவரவர் ஆட்டோ பிடித்துப் போயிருப்பார்கள். இல்லாததால் நான் மேலகரத்தில் ஒரு சின்னக் கடை போட்டு, முதல் தடவை விமானம் ஏற ஆசைப்படுகிறவர்களைச் சேர்த்து, வேன் வைத்துத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய், கூடவே ஏறி, சென்னையைச் சுற்றிக்காட்டி, மறுநாள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். சீசன் நேரத்தில் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வருகிறது. எங்கள் ஆட்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே கிளம்புகிறார்கள்.

சொந்தக்காரர் ஒருவரை ஒரு தடவையாவது பஸ் ஏற்றிவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஜன்னல் சீட்டுக் கேட்பார். பையை மடியை விட்டு இறக்க மாட்டார். கண்டக்டரிடம் ஊர் பெயரைச் சொல்லிவைக்கச் சொல்லி நம் பிராணனை வாங்குவார். அதையே ஒரு வேன் நிறைய ஆட்களுக்கு ஆகாயத்தில் செய்ய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள், என் பாடு புரியும். போன ஆனி மாதம் கூட்டிப்போன ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒத்திகைக்கு வந்த ஜோடி

கடையத்திலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பல சீசன் குற்றாலம் மெயின் அருவியில் பந்தோபஸ்து பார்த்தவர். அவர் விசில் ஊதினால் தலையில் எண்ணெய் தேய்த்தவன் எண்ணெயோடேயே நகர்ந்துவிடுவான் என்று சொல்வார்கள். கூட அவர் மனைவி பேச்சியம்மாள் வந்திருந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. கடையத்திலிருந்து பஸ்ஸில் வருவதற்கே அதை முகர்ந்துகொண்டுதான் வர வேண்டுமாம், இல்லாவிட்டால் குமட்டுமாம்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. பிள்ளை பெறுகிற நேரத்தில் பக்கத்தில் இருக்க இந்த அம்மாவை விட்டால் வேறு ஆள் கிடையாது. அம்மாவோ ஆலங்குளம் தாண்டினாலே தலை சுற்றுகிறவர். அதனால் முதலில் சென்னை வரைக்கும் போய் வந்து பார்ப்பது, ஒத்துக்கொண்டால் இரண்டு பேருமாகச் சிங்கப்பூர் போவது என்று அண்ணாச்சி திட்டம் போட்டிருந்தார். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. பேச்சியக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை.

அண்ணாச்சிதான் கடை அதிரச் சொன்னார்:

“நான் பாக்காத கூட்டமா தம்பி, நான் பாக்காத ஒயரமா? எனக்கு ஒண்ணும் கெடையாது. இவதான் பயந்து சாவுதா.”

எலுமிச்சம்பழத்துக்கு விசாரணை

தூத்துக்குடி விமான நிலையத்தில் சோதனை செய்கிற இடத்தில் வடக்கத்திக் காவலர் ஒருவர் பேச்சியக்காவின் கையைக் காட்டி, அது என்ன என்று சைகையில் கேட்டார். அக்கா எலுமிச்சம்பழத்தைக் காட்டினார். அவர் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், எதற்கு என்று மறுபடி சைகை செய்தார். அண்ணாச்சி முன்னால் போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார். அந்த இந்தியைக் கேட்ட பிறகு காவலருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அக்காவே பழத்தை வாங்கி, அவர் மூக்குப் பக்கம் நீட்டினார்.

“மோந்து பாக்கத்தான்யா வச்சிருக்கேன். ஒங்களுக்கும் கொமட்டுச்சின்னா ஒருதடவ மோந்துக்கிடுங்க.”

சப்பரம் தூக்கியாச்சு

அந்தத் தடவை என்னோடு வந்த மற்ற ஆட்கள் எல்லோரும் மேலகரத்து மகளிர் குழு. தலைவி செல்லத்தாய். எல்லோரும் பட்டுப்புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ. இறக்கையில் காற்றாடி மாட்டிய சின்ன விமானம் அது. நாங்கள் ஏறியதும் பூ வாசனையில் கோயில் மாதிரி ஆகிவிட்டது.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. வழக்கமாக இந்த இடத்தில் சிலர் கண்ணை மூடுவார்கள், சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள், சிலர் என் சட்டையைப் பிடிப்பார்கள். சக்கரம் தரையை விட்டது. அந்த நொடியில் செல்லத்தாய் நாக்கைச் சுழற்றிக் குலவையை ஆரம்பித்தார். உடனே மொத்தக் குழுவும் சேர்ந்துகொண்டது. கோயில் கொடை விழாவில் வெட்டவெளியில் கேட்டால் குலவை காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். மூடிய விமானத்துக்குள் நான் கேட்டதில்லை. முன்னால் எங்களைப் பார்த்தபடி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பணிப்பெண், எழுந்திருக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டை கட்டிய ஒருவர் எட்டி, இறக்கை இருக்கிறதா என்று ஜன்னல் வழியே சரிபார்த்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு முன் சீட்டிலிருந்து கண்ணாடி வளையல் நொறுங்குகிற சத்தமும் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தது அண்ணாச்சியும் பேச்சியக்காவும். விமானம் நேரானதும் அண்ணாச்சி திரும்பி, “பயத்துல எங் கையப் போட்டு இறுக்குனா பாருங்க, வளவி போச்சு” என்றார். அக்கா மடியில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். இவர் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பெல்ட் விளக்கு அணைந்ததும் பணிப்பெண் ஓடி வந்து, “என்னம்மா ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். செல்லத்தாய்க்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“சாமி சப்பரத்தத் தூக்கும்போதே கொலவ போடுவோம்லா தாயி. விமானம் ஓட்டுத தம்பி இத்தன பேரத் தூக்குதான். நாங்க சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”

கம்பியைப் பிடித்த முறை

காலையில் வேனில் வைத்தே எல்லோருக்கும் நான் ஒரு பாடம் எடுத்துவிடுவது வழக்கம். இறங்கும்போது எப்படி இருக்கும் என்று குழுவில் ஒருவர் கேட்டார். புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று, “மெயின் அருவியில தண்ணி கூட விழும்போது கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்கள்லா, அது மாதிரி தைரியமா இருந்தாப் போதும்” என்று சொல்லியிருந்தேன். நான் சொன்னது தைரியத்தை. அவர்கள் எடுத்துக்கொண்டது கம்பியை.

சென்னை நெருங்கி, சக்கரம் வெளியே வருகிற சத்தம் கேட்டதுதான் தாமதம். குழு மொத்தமும் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டது. ஒரு அக்கா மூக்கையும் பொத்திக்கொண்டார். ஆபத்து வந்தால் எப்படிக் குனிய வேண்டும் என்று படம் போட்டு விமானத்தில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள். அந்தப் படம் அப்படியே இதுதான். டை கட்டியவர் அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தானும் குனிந்துகொண்டார்.

விமானம் சாதுவாக இறங்கியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி எடுக்கப் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவசரமில்லாத ஊருக்குப் போகிறவர்களும் இதைச் செய்வதுண்டு. பணிப்பெண் கெஞ்சிப் பார்த்தார். வளையல் பேச்சுக்குப் பிறகு வாய் திறக்காமல் வந்த அண்ணாச்சிக்கு, சக்கரம் தரையில் பட்டதும் குரல் திரும்பிவிட்டது. “ஏய்! யாருலே அது எந்திக்கது? உக்காரு! வரிசையா விடுவோம்லா!” மொத்த விமானமும் உட்கார்ந்தது. பணிப்பெண்ணும் உட்கார்ந்துவிட்டார். டை கட்டியவர் மரியாதையாக, “சார் ஏர்போர்ட்ல ஆபீசரா?” என்று கேட்டார். அண்ணாச்சி முதுகை நிமிர்த்தினார்.

“குத்தாலம். மெயின் ஃபால்ஸ்.”

ஒரு சுற்று

மறுநாள் திரும்பினோம். ஆனி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று கடையம் பக்கம் வாழை போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தூத்துக்குடியை நெருங்கும்போதே விமானம் மேடும் பள்ளமுமான ரோட்டில் போகிற மாதிரி ஆட ஆரம்பித்தது. உடைமரங்கள் தெரிந்தன. ரோட்டில் போகிற லாரி தெரிந்தது. ஓடுபாதையும் வந்துவிட்டது. குழு கம்பியைப் பிடித்துக் குனிந்தாயிற்று. தரை இதோ என்கிற நேரத்தில் என்ஜின் உறுமியது. விமானம் தரையைத் தொடாமலேயே விருட்டென்று மேலே கிளம்பிவிட்டது.

இத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன், எனக்கே அது முதல் தடவை. பயந்துவிட்டேன். விமானத்துக்குள் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் செல்லத்தாய் குலவை போட்டார். தூக்கினால் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. குழுவும் குனிந்தபடியே போட்டது.

முன் சீட்டிலிருந்து “சொடலமாடா, சொடலமாடா” என்று சாமியைக் கூப்பிடும் மெலிந்த குரல் ஒன்று வந்தது. பேச்சியக்கா புலம்புகிறார் போலிருக்கிறது, ஆறுதல் சொல்வோம் என்று எட்டிப் பார்த்தேன். அக்கா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அண்ணாச்சியுடையது. கண்ணை மூடி, ஒரு கையால் அக்காவின் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்திருந்தார். எலுமிச்சம்பழம் அவர் மூக்கில் இருந்தது. அதைப் பிடித்திருந்தது அக்காவின் இன்னொரு கை. சிறுபிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்:

“ஒண்ணுமில்ல, பயப்படாதிய. தென்காசி பஸ் ஸ்டாண்டுல எடம் இல்லன்னா டிரைவரு ஒரு சுத்து சுத்திட்டு வருவாம்லா, அதான். இப்ப எறக்கிருவான்.”

ஆலங்குளத்தில் டீ

அக்கா சொன்னபடியே அடுத்த சுற்றில் இறக்கிவிட்டார்கள். கொஞ்சம் பலமான இறக்கம்தான், ஆனால் தரை தரைதானே. வெளியே வந்ததும் அண்ணாச்சி முகம் கழுவி, மீசையைத் தடவி, பழைய ஆளாகி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, சிங்கப்பூரு சரிப்படாது. பாத்தீங்கள்லா, இவ ரொம்பப் பயந்துட்டா. மகட்ட நான் போன்ல சொல்லிக்கிடுதேன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா வருவாள் என்று காத்திருக்கிறாள். இங்கே இவர் மீசையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் வாடிக்கையாளர், அதிலும் ஏட்டு. தலையை ஆட்டிவைத்தேன்.

ஆலங்குளத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். அண்ணாச்சி குழுவை நிற்கவைத்து, சீசன் கூட்டத்தை எப்படி அடக்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியக்கா டீ கிளாஸோடு என் பக்கம் வந்தார். மணிக்கட்டில் வளையல் கீறிய காயம், அதைச் சுற்றி விரல் பதிந்த தடம். நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அண்ணாச்சி என்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அவுகட்ட ஒண்ணும் கேட்டுராதிய தம்பி. ஊருக்குள்ள போலீஸ்காரர்னு ஒரு பேரு இருக்கு. நான் பயந்ததாவே இருக்கட்டும். இப்ப பயம் தெளிஞ்சிட்டாம்னு மட்டும் நீங்க சொல்லிருங்க. ரெண்டு பேரும் போனா வீட்டு மாட்ட யாரு பாக்கதுன்னு நான் கேட்டுக்கிடுதேன். எனக்கு ஒரு டிக்கெட்டப் போடுங்க, போதும்.”

ஒரு டிக்கெட்

அப்படியே நடந்தது. மாடு என்ற பேச்சு வந்ததும் அண்ணாச்சியின் முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன்னை விட்டால் வேறு ஆளிடம் அந்த மாடு நிற்காது என்று அவரே எனக்கு எடுத்துச் சொன்னார்.

சிங்கப்பூர் விமானத்துக்கு மதுரையில்தான் ஏற்றிவிட்டோம். தூக்கும்போது முன் சீட்டைப் பிடித்துக்கொள், கீழே பார்க்காதே என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அண்ணாச்சி புத்தி சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உள்ளே போகும் முன் எலுமிச்சம்பழத்தை எடுத்து அண்ணாச்சியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் தலை மறைகிற வரைக்கும் அவர் கண்ணாடிக் கதவை விட்டு நகரவில்லை. திரும்பி வரும்போது ராஜபாளையம் வரை பழத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த வழியிலேயே போய்விட்டது.

பேத்தி பிறந்த சேதியைச் சொல்ல அக்கா எனக்கும் போன் செய்தார். தாயும் பிள்ளையும் சுகம். தொழில் புத்தி விடுமா, விமானம் தூக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துச் சொன்னார்:

“கொலவய மெதுவா எனக்குள்ளயே போட்டுக்கிட்டேன் தம்பி. பயமெல்லாம் இல்ல. வளவியும் முழுசா இருக்கு. ஆனா கையப் புடிக்க ஆளு இல்லாம என்னமோ மாரி இருந்துது.”

கடையத்தில் இப்போது அண்ணாச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம், அவளுக்கு விமானம் என்றால் பயம், நான்தான் கூடப் போய்த் தெளிய வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் சொல்வதை மறுக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.