ஒரு வாய் கஸ்டர்ட்

என் மனைவியைப் பக்கவாதம் தாக்கிய பிறகு, அவளுடைய வலது கை வராது, பேச்சு உடனே திரும்பாது என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மனதுக்குச் சொல்லிக்கொண்டுவிட்டேன். அவளுக்கு ஒழுங்காக விழுங்க வராது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. விழுங்குவது என்பது மனிதன் கற்றுக்கொள்கிற வேலை என்றே நான் அதுவரை நினைத்ததில்லை.

விழுங்கும் பயிற்சி கொடுக்க அங்கே ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். எங்கள் மகளைவிடச் சின்னவளாக இருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் முன் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாள்.

“அங்கிள், ஆன்ட்டிக்குத் தண்ணியக்கூட நேரா குடுத்துறாதீங்க. இந்தப் பவுடரக் கலக்கி, தேன் மாதிரி கெட்டியாக்கித்தான் குடுக்கணும். நிமிந்து உக்கார வெச்சு, நாடிய நெஞ்சுப் பக்கமாக் கீழ எறக்கச் சொல்லுங்க. ஒரு வாய் முழுங்கி முடிச்சப்புறம்தான் அடுத்த வாய்.”

“தப்பாப் போயிருச்சுன்னா?”

“மூச்சுக் கொழாய்க்குள்ள போயிரும். இருமினாங்கன்னா பயப்படாதீங்க, இருமல் அத வெளிய தள்ளிரும். சத்தமே இல்லாம முழிச்சாங்கன்னா அதான் டேஞ்சர். முன்னால குனிய வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல ஓங்கித் தட்டணும்.”

தட்டுகிற விதத்தைத் தலையணையில் செய்து காட்டினாள். என்னையும் செய்யச் சொன்னாள். நான் செய்தேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீடு டுரியான் துங்காலில், அணைக்கட்டுக்குப் போகிற பாதையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது. நான் பத்து பெரண்டாம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் பக்கத்து மாநிலமான ஜொகூரில் இருக்கிறாள். ஒரு வாரம் வந்து இருந்துவிட்டு, லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டாள். பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

எனக்குத் தெரிந்த நோயாளிச் சாப்பாடு கஞ்சி ஒன்றுதான். அதைக் குழைய வைத்து, ஆறவைத்து, சின்ன ஸ்பூனில் எடுத்து ஊட்டினேன். ஊட்டும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுவேன். மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன், அவள் தொண்டைச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்று. வியர்த்துக் கொட்டும். அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தொண்டை மேலே ஏறி இறங்கினால்தான் என் மூச்சு வெளியே வரும். இரண்டு மூன்று வாய்க்கு ஒரு தடவை அவளுக்கு இருமல் வந்துவிடும். கண்ணில் தண்ணீர் வழிய, முகம் சிவக்க இருமுவாள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். இருமல் அடங்கியதும் அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், இந்த வேளை முடிந்தது என்று. ஆனால் அவள் உடுப்பு நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆகிக்கொண்டு வந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் என் மனைவியின் எடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்ன குடுக்குறீங்க, அங்கிள்?”

“கஞ்சிதாம்மா. நல்லாக் கொழச்சுத்தான் குடுக்குறேன்.”

“கஞ்சில தண்ணி வேற, பருக்கை வேற. வாய்க்குள்ள போனதும் ரெண்டும் பிரிஞ்சிரும். தண்ணி முந்திக்கிட்டு எறங்கும், அதான் இருமுறாங்க. எல்லாம் ஒண்ணாக் கலந்து, கெட்டியா, வழவழன்னு இருக்கணும். கஸ்டர்ட் மாதிரி லா.”

கஸ்டர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாய் கோணி, வெகு சிரமப்பட்டு ஒரு சொல்லைச் சொன்னாள்.

“அப்பா.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் மாமனார் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் குக்காக இருந்தவர். தோட்டத்தில் மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி. இவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் கஸ்டர்ட் காய்ச்சிக் கொடுப்பார். பிரெட் புட்டிங், கொத்துக்கறிக்கு மேல் உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பி ஓவனில் வைக்கிற பை, வாயில் போட்டால் தூளாகிற ஷார்ட்பிரெட் பிஸ்கட் என்று அவர் செய்ததையெல்லாம் இவளும் செய்வாள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் வெண்ணெய் வாசம்தான். தீபாவளிக்கு முறுக்குக்குப் பக்கத்தில் ஷார்ட்பிரெட்டும் இருக்கும். நான் முப்பது வருஷத்துக்கும் மேலாக அதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஓவனின் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் சூடாகும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் சக்கர நாற்காலியை அடுப்பங்கரைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அவள் இடது கையால் அலமாரியைக் காட்டினாள். கஸ்டர்ட் மாவு, பால், சீனி. மாவை முதலில் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கரைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் நேரே கொதிக்கிற பாலில் கொட்டினேன். கட்டி கட்டியாக நின்றது. அவள் தலையை ஆட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டினாள். ஊற்றிவிட்டு மறுபடி செய்தேன். அவள் விரலைக் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அது நிற்கும்வரை நான் கிண்ட வேண்டும். பிறகு சல்லடையைக் காட்டினாள். வடிகட்டினேன். ஆறியதும் ஒரு ஸ்பூன் எடுத்தபோது அது ஒழுகாமல், பிரியாமல் நின்றது.

ஊட்டினேன். நாடியை இறக்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வாய். கிண்ணம் காலியாகும்வரை ஒரு தடவைகூட இருமவில்லை. பக்கத்தில் நாற்காலி இருந்தும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த உருளைக்கிழங்குப் பையும் செய்தோம். கோழிக்கறியை நன்றாக வேகவைத்து, குழம்போடு மிக்ஸியில் விழுதாக அரைத்து, மேலே வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனில் வைத்தோம். மேலே சிவந்து மொறுமொறுப்பான பகுதியை வழித்து என் தட்டில் போட்டுக்கொண்டு, அடியில் இருக்கும் மெத்தென்றதை மட்டும் அவளுக்குக் கொடுத்தேன். அவள் என் தட்டையே பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தகர மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. பூனை என்று நினைத்தேன். இருந்தாலும் அந்த வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் போய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது.

அடுப்பங்கரையில் அவள் நாற்காலியில் இருந்தாள். தானே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். மடியில் ஒரு டின். நோயில் விழுவதற்கு முந்தி அவள் சுட்டு வைத்த ஷார்ட்பிரெட். நான் மறந்தே போயிருந்தேன். அவள் வாய் திறந்திருந்தது. உதட்டில் தூள். கண்கள் அகலமாக என்னைப் பார்த்தன. சத்தம் இல்லை. ஒரு சின்ன இருமல்கூட இல்லை.

அந்த மாதிரி அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளை முன்னால் சாய்த்து, தோள்பட்டைக்கு நடுவில் தட்டினேன். என் கை அவள் எலும்பில் பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். உதடு நீலம் பாய ஆரம்பித்தது. நான் கத்தியிருக்கிறேன், என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்து நான் தட்டிய தட்டில் ஈரமான ஒரு கட்டி தரையில் விழுந்தது. பிறகு அவள் மூச்சை இழுத்த சத்தம், துணி கிழிகிற மாதிரி கேட்டது.

“சபார் பாங், சபார்,” என்று அந்த அக்கா என் முதுகைத் தடவினார். அண்ணே, பொறுமையாக இருங்கள் என்றார். என்னால் கார் சாவியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அவரே தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க நான் பின் சீட்டில் என் மனைவியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தூள் நுரையீரலுக்குள் போயிருந்தது. காய்ச்சல் ஏறியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் ஊற்ற வேண்டியிருக்கும் என்றார். நான் அதற்குச் சம்மதிக்கத் தயாராக இருந்தேன். உண்மையில் எனக்கு அது பெரிய விடுதலையாகப் பட்டது. குழாய் என்றால் ஸ்பூன் இல்லை. ஸ்பூன் இல்லை என்றால் நான் கொல்லமாட்டேன்.

மகள் போனில் கேட்டாள். “அம்மாகிட்ட கேட்டீங்களா, அப்பா?”

“அவளுக்கு என்னம்மா தெரியும் இப்ப.”

“பேச்சுதான் வரல. எல்லாம் வெளங்குது அவங்களுக்கு. கேளுங்க லா.”

நான் கேட்கவில்லை. காய்ச்சல் தணிந்து, மார்பு தெளிந்தது. இப்போதைக்குக் குழாய் வேண்டாம், கவனமாக வாய்வழியே கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மற்றவர்கள் அதை நல்ல செய்தி என்றார்கள். எனக்கு மறுபடி ஸ்பூன்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்களையெல்லாம் காலி செய்தேன். கஸ்டர்ட் காய்ச்சினேன். ஸ்பூன் நுனியில் உளுந்தளவு எடுத்து அவள் உதட்டில் வைத்தேன். விழுங்கினாள். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். இன்னொரு உளுந்தளவு. கொஞ்ச நேரத்தில் போதும் என்று கிண்ணத்தை எடுத்து மூடினேன். அடுத்த வேளையும் அப்படித்தான். அதற்கடுத்த வேளை நான் மூடப் போனபோது, அவள் இடது கையால் ஸ்பூனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். மஞ்சளாக வழிந்தது.

“என்ன செய்யச் சொல்ற என்னைய?” என்றேன். “அன்னைக்கு நீ கிடந்த கிடப்ப நீ பாக்கல. நான் பாத்தேன்.”

அவள் வாயைத் திறந்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. மறுபடி முயன்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நெடுநேரம் ஆனது.

“பயம்... உங்களுக்கு.” தன் நெஞ்சில் கை வைத்தாள். “பசி... எனக்கு.”

நோய் வந்த பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் சுவரைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. பிறகு வேறு ஸ்பூன் எடுத்து வந்து, அதை என் கையில் வைத்துக்கொள்ளாமல் அவள் இடது கையில் கொடுத்தேன். அவளே எடுத்துச் சாப்பிட்டாள். பாதி சட்டையில் சிந்தியது. நாடியை இறக்க அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் பின்னால் நின்று, கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் முன்னால் அவள் தானே சாப்பிட்டுக் காட்டினாள். அந்தப் பெண் அவள் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “முன்னைக்கு இப்ப நல்லா முழுங்குறாங்க, அங்கிள். பிரெட் புட்டிங்கூட ட்ரை பண்ணலாம். ஓரத்த வெட்டிட்டு, கஸ்டர்ட்லயே நல்லா ஊற வெச்சு. ஆனா நீங்க பக்கத்துல இருக்கணும்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சாப்புடுறீங்களா? ரொம்ப எளச்சிட்டீங்க,” என்றாள். நான் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது அவள் ஓரளவு பேசுகிறாள். உடுப்பு பொருந்துகிறது. சனிக்கிழமைகளில் அவள் நாற்காலியில் இருந்து அதட்ட, நான் மாவு பிசைகிறேன். வெண்ணெய் உருகிவிட்டது, கை சூடு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துவிட்டு வாங்க என்று ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் பயம் மட்டும் போகவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் என் கண் அவள் கழுத்துக்குத்தான் போகிறது. போன வாரம் புட்டிங் சாப்பிடும்போது அவள் ஸ்பூனை வைத்துவிட்டு, “என் மொகத்தப் பாருங்க, இல்லன்னா எந்திரிச்சுப் போங்க,” என்றாள். எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் விழுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.