பச்சை டிக்கும் சிப்ஸ் கடைக் குரலும்

என் கணினியின் கீழ் மூலையில் ஒரு சின்ன மேகப் படம் இருக்கும், இணையத்தில் கோப்புகளுக்கு நகல் வைக்கிற சேவையின் அடையாளம். அதன்மேல் ஒரு பச்சை டிக். ‘உங்கள் கோப்புகள் அனைத்தும் பத்திரமாக உள்ளன’ என்று அதற்கு அர்த்தமாம்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பேசவைத்து என் போனில் பதிவு செய்தேன். பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. பேப்பர் வாசித்தார், வாடகை வீட்டுக்காரரைத் திட்டினார், செங்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே போன கதையைச் சொன்னார். நடுநடுவே அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏளா, காப்பி என்னாச்சு?” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

இப்போது எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டித்தான் அம்மாவைக் கூப்பிடுகிறார். சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா என் கணினி முன் வந்து உட்கார்ந்து அந்தப் பதிவுகளில் ஒன்றைக் கேட்பாள். அந்த நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள். கணினியில் இடம் நிறைந்துபோனதால், ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அப்பாவின் பதிவுகளையெல்லாம் அதற்கு மாற்றினேன். மாற்றியதோடு விடவில்லை. கணினி அந்த டிஸ்க்குக்கு E என்று பெயர் வைத்திருந்தது; இனிமேல் E டிரைவிலிருந்து நகல் எடு என்று மேகத்துக்கும் சொல்லிவைத்தேன். எல்லாம் ஏறி முடிந்து பச்சை டிக் வந்தது. அப்புறம்தான் கணினியில் இருந்ததை அழித்தேன். பழைய போனும் எக்ஸ்சேஞ்சில் போயிற்று.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மலைப்பக்கம் இடி உறுமினால் சுவரில் சொருகியது எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். ஒரு ஐப்பசி மழையில் டிவி புகைந்துபோனதிலிருந்து அம்மா போட்ட சட்டம் அது. டிவி, மோடம், மிக்சி என்று வரிசையாகப் பிடுங்குவாள். ஹார்டு டிஸ்க்கை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டுவாள். மழை விட்டதும் எல்லாவற்றையும் சொருகுவாள். காலையில் அவள் கேட்கிற முருகன் பாட்டு பென் டிரைவும் அதில் சேர்த்தி.

அப்படி ஒருநாள் பென் டிரைவை முதலில் சொருகியிருக்கிறாள். கணினி E என்ற எழுத்தைத் தூக்கி அதற்குக் கொடுத்துவிட்டது. பின்னால் வந்த ஹார்டு டிஸ்க்குக்கு F. அம்மா எழுத்தையா பார்ப்பாள்? திரையில் டிஸ்க்கின் படத்தை அமுக்கினாள், அப்பா பேசினார், அவளுக்கு அது போதும். நான் டிக்கைப் பார்த்தேன், பச்சையாக இருந்தது.

மேகம் E-யைப் போய்ப் பார்த்திருக்கிறது. அங்கே அப்பா இல்லை, முருகன் இருந்தார். சரி, பழையதை வேண்டாம் என்று அழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அதுவாகவே முடிவு கட்டி, கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு அப்பாவைத் துடைத்துப் போட்டது. பாஸ்வேர்டு மாற்றினால் ‘நீங்கள்தானா, நீங்கள்தானா’ என்று பிடுங்கி எடுக்கிற ஜென்மம், ஒரு மனிதனின் குரலை மொத்தமாக அழிக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீ!

இதெல்லாம் ஹார்டு டிஸ்க் கெட்ட பிறகு தெரிந்த கதை. சாரல் தொடங்கிய வாரத்தில் அது கிர்ரென்று இழுத்துவிட்டு நின்றது. திருநெல்வேலியில் பிரித்துப் பார்த்தவர், உள்ளே தட்டு கீறிப்போச்சு, ஒன்றும் தேறாது என்றார். அப்போதுகூட நான் பதறவில்லை, மேகத்தில் இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தேன். கந்தனும் வேலனுமாகப் பாட்டு வரிசை நின்றது. அந்தச் சேவைக் கம்பெனிக்கு உதவி கேட்டு எழுதினால், ‘உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி’ என்று ஆரம்பித்தார்கள். எங்கள் தரப்பில் எல்லாம் சரியாகவே இயங்குகிறது என்று முடித்தார்கள். கடைசியில் நட்சத்திரம் போடச் சொன்னார்கள். வாயில் வந்ததை எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். கணினி முன் போட்டிருந்த நாற்காலியை எடுத்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். அன்று விளக்கேற்றிய பிறகு அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குக் குற்றாலம் நினைவு வந்தது. அங்கே அப்பாவின் கூட்டாளி ஒருவர் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். அப்பாவின் குரல் கணீரென்று இருக்கும் என்பதால், ஒரு சீசனில் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, ஸ்பீக்கரில் ஓடவிட்டார். அந்தக் காலத்தில் எனக்கு அது பெரிய அவமானம். தோழிகளோடு குளிக்கப் போனால் அந்தக் கடை இருக்கும் பக்கம் தலைகாட்ட மாட்டேன்.

சாரலில் நனைந்துகொண்டு போய் இறங்கினேன். எண்ணெயும் சகதியும் மிதிபடும் கூட்டத்துக்கு மேலே அப்பா கத்திக்கொண்டிருந்தார். “வாங்க, வாங்க, சூடா நேந்திரங்கா சிப்ஸ், தின்னு பாத்துட்டு வாங்குங்க.” கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “இந்தக் குரலப் போட்டாத்தாம்மா யாவாரம் ஓடுது” என்று சொல்லி, ஸ்பீக்கரிலிருந்து மெமரி கார்டைக் கழற்றித் தந்தார். அங்கேயே நகல் எடுத்துக்கொண்டேன். மேகமும் இல்லை, டிக்கும் இல்லை, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கார்டு. அதில் இத்தனை வருஷமாக அப்பா பத்திரமாக இருந்திருக்கிறார்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கணினி ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா அன்றைக்குத் தெருவுக்குப் போகவில்லை, பின்னால் கட்டிலில் இருந்தார். வாங்க வாங்க என்று குரல் சுற்றிச் சுற்றி வந்தது. ஊரையே கூப்பிடுகிற குரல். அம்மா கடைசிவரை கேட்டாள்.

“ஏட்டி, இதுல என்னயக் கூப்பிடலையே” என்றாள்.

மூலையில் அந்தப் பச்சை டிக் அப்படியே இருந்தது. கட்டிலில் அப்பா டம்ளரைத் தட்டினார். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினார்.

“இந்தா வாரேன்” என்றாள் அம்மா, ஸ்பீக்கரைப் பார்த்து.