ஞானசுந்தரத்தோடு சமாதானம் இல்லை

பாரிஸின் லா சப்பலில் ஞானசுந்தரத்தைத் தெரியாத ஆள் என்றால், அந்த ஆள் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். ரூ காய் தெருவில், புடவைக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் உள்ள சாப்பாட்டுக் கடையில் இருபத்தெட்டு வருசமாகக் கொத்து ரொட்டி போடுகிறவர். தெருவில் பத்தடி நடப்பதற்குள் நாலு பேர் "அண்ணை, எப்பிடி சுகம்?" என்று மறிப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரோடு ஒருநாளும் சமாதானம் ஆகமாட்டோம் என்று, அதே நாலு பேரும் ஆண்டுக்கொரு தடவை குத்துவிளக்குக்கு முன்னால் நின்று சத்தியம் செய்கிறார்கள். புளுகு என்று நினைக்க வேண்டாம். புளியடித்துறை நலன்புரிச் சங்கம், பிரான்ஸ் கிளையின் யாப்பில், அதாவது சட்டதிட்டத்தில், பதினேழாம் சரத்து அப்படித்தான் சொல்கிறது.

"நிர்வாகத்துக்குத் தெரிவாகும் எவரும், கந்தையா ஞானசுந்தரத்துடன் ஒருபோதும் சமாதானம் ஆவதில்லை எனவும், அவருக்கு எப்பதவியும் வழங்குவதில்லை எனவும் விளக்கின் முன் சத்தியம் செய்தல் வேண்டும்." இவ்வளவும்தான். ஏன், எதற்கு, அந்த மனுசன் என்ன அநியாயம் செய்தார் என்று ஒரு சொல் இல்லை. சத்தியம் முடிந்த கையோடு எல்லோரும் மண்டபத்தின் பின்பக்கக் குசினிக்கு வந்து, ஞானசுந்தரம் பொரித்து வைத்திருக்கிற மட்டன் ரோல்ஸை இரண்டு இரண்டாக எடுத்துக் கடித்துக்கொண்டு அவரோடு பம்பலடிப்பார்கள்.

காரணம் என்னவென்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஞானசுந்தரத்துக்கு. ஏனென்றால் அந்தச் சரத்தை எழுதியவரே அவர்தான்.

1996இல் சங்கம் தொடங்கியபோது அவருக்கு முப்பத்தொரு வயது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அது போதாதா? பிடித்து இடைக்காலச் செயலாளராக இருத்திவிட்டார்கள். மண்டபம் பதிவது அவர், பிரெபெக்தூர் அலுவலகத்துக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர், வராதவர்களுக்குத் தொலைபேசி எடுத்து ஏச்சு வாங்குவதும் அவர். கிழமையில் ஆறு நாள் அடுப்படியில் வேகிற மனுசனுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அந்த ஞாயிறும் கூட்டம், உபகூட்டம், கூட்டம் ஏன் குழம்பியது என்று ஆராய ஒரு கூட்டம் என்று போய்க்கொண்டிருந்தது. நண்பர்களோடு இருந்து ஒரு கை முந்நூற்றிநாலு சீட்டு விளையாட வழியில்லை. விலகப் போகிறேன் என்று மூன்று முறை சொன்னார். "உமக்குப் பிறகு ஆர் ஐசே எழுதுறது?" என்று மூன்று முறையும் தோளில் தட்டிவிட்டார்கள்.

யாப்பைச் சுத்தப் பிரதி எடுக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. பதினெட்டுப் பக்கம். பதினாறாம் சரத்தை எழுதி முடித்தபோது மனுசனுக்கு ஒரு யோசனை வந்தது. சிரித்துக்கொண்டே பதினேழாவதை எழுதினார். பொதுச்சபையில் ஐம்பத்திரண்டு பேர் அதைக் கைமாற்றிக் கைமாற்றி ஒப்பம் வைத்தார்கள். ஒருவராவது வாசித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா?

அடுத்த வருசம் புது நிர்வாகம் சத்தியம் செய்ய எழும்பியபோதுதான் அது சத்தமாக வாசிக்கப்பட்டது. மண்டபம் விறைத்துப்போனது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் போரும் இங்கே துரோகிப் பட்டமுமாக இருந்த அந்தக் காலத்துப் பாரிஸில் ஒரு ஆளைப் பற்றி இப்படி ஒரு வசனம் வந்தால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று எல்லோருக்கும் பயம். தனக்குத்தான் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். முதல் தலைவருக்கு முழுக்கதையும் தெரியும் என்று நம்பினார்கள், அவரோ கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். மனைவி சாரதாதேவி கலியாணம் முடித்து வந்த புதிதில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அது வேற விசயம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டார் ஞானசுந்தரம். அதற்குப் பிறகு அந்த மனுசியும் கேட்கவில்லை.

இருபத்தேழு வருசம்! ஒரு கூட்டமில்லை, ஒரு பதவியில்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடதாசிக் கட்டும் பிளேன்ரீயும். போதாக்குறைக்கு ஊர்ச்சனத்தின் பரிதாபம் வேறு. "பாவம் மனுசன், எல்லாத்தையும் தாங்கிக்கொண்டு ரோல்ஸ் பொரிச்சுத் தாறார்" என்று சொல்லுவார்கள். அதைக் கேட்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், நடிகனெல்லாம் கைகட்டி நிற்க வேண்டும்.

ஆட்டம் பிசகியது மகளால். சங்கத்தின் செயலாளர் பதவி சொந்த ஊரின் நாலு குறிச்சிக்கும், அதாவது நாலு பகுதிக்கும், முறை வைத்துச் சுற்றி வரும். இந்த வருசம் மேற்குக் குறிச்சியின் முறை. அந்தக் குறிச்சியில் தமிழும் பிரெஞ்சும் ஒழுங்காக எழுதத் தெரிந்த, முப்பது வயதுக்குக் குறைந்த ஒரே ஆள் நிரோஜினி, ஞானசுந்தரத்தின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பவள். தலைவர் அம்பலவாணர் கேட்டார், அவளும் ஓமென்றுவிட்டாள். வாற ஞாயிறு பதவியேற்பு. அதாவது, பெற்ற தகப்பனோடு ஒருபோதும் சமாதானம் ஆகமாட்டேன் என்று நூறு பேருக்கு முன்னால் அவள் விளக்கில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

பாரிஸின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இது தெரியவந்தபோது ஞானசுந்தரத்தின் வாயில் இடியப்பம் சிக்கியது.

"வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. உனக்குப் படிப்பு இருக்கு."

"இல்லை, அப்பா. எனக்கு விருப்பம்," என்றாள் நிரோ. "என்ர மெமுவார், பட்டத்துக்கு எழுதுற ஆய்வு, இதைப் பற்றித்தான். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைப் பதினேழாம் நூற்றாண்டில என்னெண்டு நடத்தினவை எண்டு. அங்கையும் எங்கட சங்கம் மாதிரித்தான், தெரியுமே? புறொக்டர் எண்ட ஒழுங்குப் பொறுப்பாளர் பதவிக்குத் தேர்தல் எண்டால் அடிபிடி. கடைசியில ராசா தலையிட்டு, ஒவ்வொரு கல்லூரிக்கும் முறை வைச்சு இருபத்திமூண்டு வருசச் சுற்று ஒண்டு போட்டுக் குடுத்தவர்."

"கேட்டீங்களே, எங்கட குறிச்சி முறை மாதிரி!" என்று சாரதாதேவி பூரித்துப்போனார்.

"இன்னும் கேளுங்கோ அம்மா. எம்.ஏ. பட்டம் எடுக்கிற எல்லாரும் ஒரு சத்தியம் பண்ண வேணும். ஹென்றி சைமியோனிஸ் எண்ட ஆளோட ஒருநாளும் சமாதானம் ஆகமாட்டம் எண்டு."

ஞானசுந்தரம் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அந்தாள் பதின்மூண்டாம் நூற்றாண்டு. ஒரு மாணவனைக் கொன்ற விசயத்தில மாட்டினவர். ராசா மன்னிச்சிட்டார், பல்கலைக்கழகம் மன்னிக்கேல்லை. பிறகு ஆக்கள் எல்லாம் செத்து, ஆர் அந்த ஹென்றி எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் சத்தியம் மட்டும் போகுது. ஆவணக் காப்பாளர் ஒருத்தர் தன்ர பாட்டுக்கு ஒரு கதையை எழுதி வைச்சார், அதுவும் பிழை. 1652இல அதை எடுப்பமோ எண்டு யோசிச்சுப்போட்டு விட்டிட்டினம். 1827இலதான் எடுத்தவை. என்னத்துக்கு எடுத்தனாங்கள் எண்டும் எழுதேல்லை." அவள் கரண்டியை வைத்துவிட்டுத் தகப்பனை நேரே பார்த்தாள். "அப்பா, நீங்கள் ஆரையும் கொன்றனீங்களோ?"

"விசர்க்கதை கதைக்காதை!"

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"அது வேற விசயம்," என்றார் ஞானசுந்தரம். ஆனால் இந்த முறை பெருமூச்சு சரியாக வரவில்லை. அந்த வசனத்தை மற்றவர்கள் சொன்னால் பகிடி. இவள் சொன்னால் தாங்காது. அதற்காகக் காரணத்தை வெளியே விடலாமா? விட்டால் இருபத்தேழு வருசப் பரிதாபமும் ஒரே நாளில் கப்பலேறிவிடும். சத்தம் போடாமல் அந்தச் சரத்தைத் தூக்குவிப்பதுதான் வழி என்று முடிவெடுத்தார்.

வியாழக்கிழமை அம்பலவாணர் கடைக்குச் சாப்பிட வந்தார். ஞானசுந்தரம் கொத்துக்குள் இரண்டு முட்டை கூடப் போட்டுக் கொண்டுபோய் வைத்தார்.

"அண்ணை, அந்தப் பதினேழாம் சரத்தை எடுத்துவிட்டால் என்ன? ஆருக்குப் பிரயோசனம்?"

அம்பலவாணர் மென்றுகொண்டே தலையை ஆட்டினார். "அது சரிவராது ஐசே. தொடக்கினவை ஒரு காரணமில்லாமலே எழுதினவை?"

"என்ன காரணம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? எல்லாம் தெரியும்." அம்பலவாணர் குரலைத் தாழ்த்தினார். "ஆனால் நான் இண்டைவரைக்கும் ஒரு குஞ்சுக்கும் சொல்லேல்லை. பயப்படாதையும்."

எழும்பிப் போகும்போது ஞானசுந்தரத்தின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டும் போனார். செய்யாத குற்றத்துக்கு இப்படி ஒரு மன்னிப்பு! ஞானசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு. லா கூர்னெவில் வாடகைக்கு எடுத்த மண்டபம். நூறு கதிரை, மேடையில் விளக்கு, மல்லிகை மாலை. ஞானசுந்தரம் வழக்கம்போலக் குசினிக்குள் நின்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி காதை மண்டபத்தில் வைத்திருந்தார். பழைய நிர்வாகத்திலிருந்து தொடர்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். பிறகு நிரோவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நான் அந்த ஒரு வசனத்தைச் சொல்லமாட்டன்," என்று மைக்கில் அவள் குரல் கேட்டது. "என்ர அப்பா என்ன செய்தவர் எண்டு ஆராவது ஒருத்தர் எழும்பிச் சொல்லுங்கோ. சொன்னால் யோசிக்கிறன். இல்லையெண்டால் சரத்தை எடுங்கோ. ரெண்டும் ஏலாதெண்டால் எனக்குப் பதவி வேண்டாம்."

அவ்வளவுதான், மண்டபம் சந்தையாகிவிட்டது. இத்தனை வருசம் மூடிக்கிடந்த வாயெல்லாம் திறந்தது. கயிறிழுத்தல் போட்டியில் ஞானசுந்தரம் தங்கள் பக்கத்துக் கயிற்றை மரத்தில் கட்டி ஏமாற்றியதைத் தன் கண்ணால் கண்டதாக வடக்குக் குறிச்சிக் கிருஷாந்த் சொன்னார். 1996இல் கிருஷாந்துக்கு மூன்று வயது. இல்லை, அவர் முதல் தலைவரின் தங்கச்சிக்குக் கடிதம் கொடுத்தவர் என்றார் புனிதவதி அக்கா. சாரதாதேவி முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்த பார்வையில் புனிதவதி அக்கா அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். அம்பலவாணரோ கண்ணை மூடி, "வேண்டாம், அதை இப்ப கிளறாதையுங்கோ" என்று மேலும் கிளறிவிட்டார்.

"அப்ப நான் போறன்," என்று நிரோ மைக்கை வைக்கும் சத்தம் கேட்டது.

ஞானசுந்தரம் அடுப்பை நிற்பாட்டினார். கையில் ரோல்ஸ் தட்டோடு, ஏப்ரனும் தானுமாக மண்டபத்துக்குள் வந்து நின்றார். அந்தச் சரத்து வந்த பிறகு கூட்டம் நடக்கும்போது அவர் உள்ளே கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"ஒருத்தரும் ஒண்டும் தேட வேண்டாம். அதை எழுதினது நான்," என்றார். "எனக்குக் கூட்டத்துக்கு வர அலுப்பு. நீங்கள் ஒருத்தரும் என்னை விடேல்லை. அதுதான் நானே என்ர பேரை எழுதிவிட்டனான்."

ஒரு கணம் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு, ஐயோ பாவம் என்கிற மாதிரி ஒரு முனகல் எழும்பியது. "பாத்தீங்களே, பிள்ளைக்காக மனுசன் என்ன பொய்யெல்லாம் சொல்லுது," என்று புனிதவதி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "உம்மட பெருந்தன்மை விளங்குது ஐசே," என்றார் அம்பலவாணர்.

வந்ததே கோபம் ஞானசுந்தரத்துக்கு! வாழ்க்கையில் ஒரு தரம் உண்மை சொல்ல வந்தால் இந்தச் சனம் கேட்குதில்லையே! தட்டை மேசையில் வைத்துவிட்டு மேடைக்கு ஏறினார். "அந்த முதல் பிரதியைக் கொண்டு வாங்கோ. தட்டச்சடிச்சதில்லை, கையால எழுதினது. வேற ஆர் சொல்லியிருந்தாலும் என்ர பேரை என்ர கையால இப்பிடி எழுதுவனோ?" அம்பலவாணரின் கோவைக்குள்ளிருந்து மஞ்சளடித்த பதினெட்டுப் பக்கங்களும் வெளியே வந்தன. ஞானசுந்தரம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எண்ணெய்க் கையைத் துடைத்து, பதினேழாம் சரத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதினார். அம்பலவாணர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அட கோதாரி," என்றார் மைக்கில்.

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. மண்டபம் முழுக்கப் பரவி, கதிரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சாரதாதேவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரட்டும் என்று இருந்தார். சரத்தை நீக்கக் கை உயர்த்தும்படி கேட்டதும் ஒரு கைகூட மிச்சமில்லாமல் உயர்ந்தது. ஞானசுந்தரத்துக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வெட்கம்தான், ஆனாலும் மகள் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்கோ, அப்பா."

நிரோ மைக்கைப் பிடித்திருந்தாள். அவளும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டார்.

"ஒவ்வொரு வருசமும் நான் அம்மாவோட இந்தக் கூட்டத்துக்கு வந்தனான். ஒவ்வொரு வருசமும் முன்வரிசையில இருந்து அந்த வசனத்தைக் கேட்டனான். ஏழு வயசில விளங்கத் தொடங்கிச்சுது. என்ர அப்பா ஏதோ பெரிய பாவம் செய்திட்டார், ஒருநாள் பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போகப்போகுது எண்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. காய்ச்சல் எண்டு சொல்லி மருந்து தந்தனீங்கள். பத்து வயசில கேட்டன், 'அது வேற விசயம்' எண்டனீங்கள். பதினைஞ்சு வயசிலயும் கேட்டன்."

முந்நூற்றிநாலு விளையாடிய ஞாயிறுகளெல்லாம் ஞானசுந்தரத்துக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் காய்ச்சலும் ஞாபகம் இருந்தது, பரசெற்றமோலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததே அவர்தான். தான் செய்ததில் ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தார்.

"பிள்ளை, நான்..." என்றார்.

நிரோ முன்வரிசையில் வெறுமையாய்க் கிடந்த கதிரையைக் காட்டினாள்.

"சங்கம் உங்களோட சமாதானம் ஆகியிட்டுது. நான் இன்னும் ஆகேல்லை. வந்து இருங்கோ, நிகழ்ச்சி நிரலில பதினொரு விசயம் கிடக்கு."

ஞானசுந்தரம் ரோல்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் போய் இருந்தார்.