தெளிவாகப் பேசுகிறார்

எனக்கு இரண்டு காதும் கேட்காது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வந்த மூளைக்காய்ச்சலில் போனது. அதுவரை எல்லோரையும் போலக் கேட்டுப் பேசி வளர்ந்தவள் என்பதால் பேச்சு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். புதிதாகச் சந்திக்கிறவர்களிடம் எனக்குக் காது கேட்காது என்று நானே சொல்ல வேண்டும். சிலர் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் விழுப்புரத்தில் பழைய அச்சகத்திலேயே வேலையைத் தொடர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு விழா பேனர் என்று நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு. தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான பஸ் பாஸ் கேட்டபோது, அடையாள அட்டையில் இன்னும் அம்மா வீட்டு முகவரிதான் இருக்கிறது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதற்காக எங்கேயும் அலைய வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் செய்துவிடலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அலுவலகம் என்றால்தான் யாராவது பேசுவார்கள், நான் முழிக்க வேண்டும். கணினி பேசாது.

அன்று விடுமுறை. விண்ணப்பத்தைத் திறந்து பெயர், முகவரி எல்லாம் நிரப்பினேன். குறைபாட்டின் வகை என்ற இடத்தில் ‘செவித்திறன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். படத்தில் கோணல்மாணலாக இருந்த எழுத்துகளை அடித்தேன். பக்கத்திலேயே, பார்வையில்லாதவர்கள் கேட்டு அடிக்க ஒரு ஒலிபெருக்கிப் படம் இருந்தது. பரவாயில்லையே, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த பக்கம் வந்தது. ‘உங்கள் கைபேசிக்கு இப்போது ஒரு அழைப்பு வரும். அதில் சொல்லப்படும் எண்ணைக் கேட்டு இங்கே உள்ளிடவும்.’

போன் கையில் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் டயர் ரீட்ரேடிங் பட்டறைக்குப் போயிருந்தார். போனைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவர் மாவுக் கையைத் துடைத்து வாங்குவதற்குள் அழைப்பு அடங்கிவிட்டது. திரும்பி வந்தால், ‘நேரம் முடிந்தது’ என்று பக்கம் மூடிக்கொண்டிருந்தது. நிரப்பியது எதுவும் மிச்சமில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் மறுபடி எல்லாவற்றையும் நிரப்பினேன். இந்த முறை அவர் கேட்டு எண்ணைச் சொல்ல, நான் அடித்தேன். ஏற்றுக்கொண்டது. ‘சரிபார்ப்பு அலுவலர் உங்களைத் தொலைபேசியில் தொடர்புகொள்வார்’ என்று கீழே ஒரு வரி வந்தது.

“இன்னாங்க இது, காது கேக்காதுன்னு அதே பக்கத்துல எழுதிக் குடுத்திருக்கேன். மறுபடி போன் பண்றேன்றாங்க.”

“வரட்டும் பாத்துக்கலாம். நான் பேசறேன்” என்றார் அவர்.

சில நாள் கழித்து, அவர் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. அவர் உதட்டைப் பார்த்தபடி நின்றேன். எதிர்முனையில் பேசியதை அவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

“நான் அவங்க ஊட்டுக்காரருங்க” என்றார் இவர்.

விண்ணப்பதாரரிடம்தான் பேச வேண்டும் என்றாராம் அந்த அலுவலர்.

“அவங்களுக்குக் காது கேக்காதுங்க. அதுக்குதாங்க அந்த கார்டே.”

வேறு ஆள் பேசினால் பதிவு செய்ய முடியாது, அவரையே இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்றாராம். இவர் எச்சில் கையோடு போனை என்னிடம் நீட்டி, “பேரும் ஊரும் சொல்லு, போதும்” என்றார்.

நான் வாங்கிச் சொன்னேன். “வணக்கம் சார். விண்ணப்பம் போட்டது நான்தான். முகவரி திண்டிவனத்துக்கு மாத்தணும். எனக்குக் காது கேக்காதுங்க. நான் பேசறது உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசறது எனக்குக் கேக்காது. எதுவா இருந்தாலும் மெசேஜ் பண்ணுங்க சார்.” போனைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றாகப் பேசிவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. எதிர்முனையில் அந்த அலுவலர் வைத்துவிட்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இணையதளத்தில் ‘பரிசீலனையில்’ என்றே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு விழுப்புரத்தில் இருந்த மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கே போனேன். அங்கே இருந்த பெண், வயது என்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது.

“மேடம், கொஞ்சம் என் மூஞ்சியப் பாத்து பேசுங்க. உதட்டப் பாத்தாதான் எனக்குப் புரியும்” என்றேன்.

உடனே திரும்பி, “ஓ, சாரிங்க” என்றார். அட்டை எண்ணைக் கேட்டார். சொன்னேன். அடித்துக்கொண்டே ஏதோ கேட்டார், மறுபடியும் திரையிடம். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சாரி. வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம் அப்படி. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. கடைசியில் ஒருவழியாக என் பக்கம் திரும்பிச் சிரித்து, “மாத்திட்டேங்க, நீங்க போலாம்” என்றார். நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு கறிக்குழம்பு வைத்தேன்.

அவர் சொன்னது ‘மாத்திட்டேன்’ அல்ல. ‘பாத்துட்டேன்.’ உதட்டில் பகரமும் மகரமும் ஒன்றுதான், இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரி மூடித் திறக்கும். பாப்பா என்றாலும் மாமா என்றாலும் எனக்கு ஒரே வார்த்தை. பேச்சின் போக்கை வைத்துத்தான் பிரித்துக்கொள்வேன். அன்று என் மனம் எதை எதிர்பார்த்ததோ அதைப் படித்துக்கொண்டேன். அடுத்த வாரம் இணையதளத்தில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

‘நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் தொலைபேசியில் தெளிவாகப் பேசுகிறார். செவித்திறன் மறுபரிசோதனை தேவை.’

பேசச் சொன்னது அவர்கள். பேசியது என் வாய். கேட்காதது என் காது. இதில் எதை எதோடு சேர்த்துப் பார்த்தார்கள்? நான் கொஞ்சம் குழறியிருந்தால் முகவரி மாறியிருக்கும்.

“நல்லா பேஜாரு புடிச்ச வேலடா இது” என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “உட்டுடு. பாஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். டிக்கெட் எடுத்துக்கினே போ.”

“பாஸுக்காக இல்லீங்க. எனக்குக் காது கேக்குதுன்னு எழுதி வெச்சிக்கினு இருக்காங்க. அத எப்படி உட்றது?”

அவர் பரிசோதனைக்குக் கூடவே வந்தார்.

மருத்துவமனையில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சுபோல மெத்தை ஒட்டியிருந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார் பரிசோதகர். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முன்பும் இந்தப் பரிசோதனை செய்திருக்கிறேன். ஆனால் அப்போது காது இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போனேன். இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்று காட்டப் போயிருக்கிறேன். இருந்தும் உட்கார்ந்ததும் என்னையறியாமல் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். ஏதாவது கேட்காதா என்று ஒரு ஆசை. கேட்டுவிட்டால் அட்டை போய்விடுமே என்று உடனே ஒரு பயம்.

நடுவில் ஒருமுறை காதோரம் லேசாக அதிர்ந்தது. சத்தமில்லை, தோலில் ஒரு நடுக்கம். கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தவித்துவிட்டுத் தூக்கினேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. வெளியே வந்ததும் பரிசோதகரிடம் போய்ச் சொன்னேன்.

“சார், நான் கைய தூக்கினது கேட்டதால இல்லீங்க. அதிர்ந்தது. அதக் கேட்டதுன்னு போட்டுடாதீங்க.”

அவர் என் முகத்துக்கு நேரே நிதானமாகச் சொன்னார். “தெரியுங்க. கனமான சத்தம் குடுத்தா எல்லாருக்கும் அப்படித்தான் அதிரும். கவலப்படாம போங்க.” அந்த மொத்த அலைச்சலில், நான் சொல்லாமலேயே என்னைப் பார்த்துப் பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

பரிசோதனை முடிவைச் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தேன். ஆமாம், மறுபடி அந்த அழைப்பு, மறுபடி வீட்டுக்காரர் கேட்டுச் சொல்ல நான் அடித்தது. இந்த முறை முகவரி மாறியது. பாஸும் கிடைத்தது.

அதோடு நான் விடவில்லை. இந்த அழைப்பு முறையை நீக்கிவிட்டு எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், காது கேட்காதவர்களுக்குப் போன் செய்யாதீர்கள் என்று அதே தளத்தில் புகார் எழுதினேன். சில நாளில் பதில் வந்தது. ‘மனுதாரரைப் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் பேசவில்லை. மனு முடித்துவைக்கப்பட்டது.’ அச்சகத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று சைகையில் கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே இரண்டாவது புகார் எழுதினேன், தொடர்பு எண்ணாக வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்து. அவரை ஒரு பெண் அழைத்தார். “அவங்க நம்பருக்கு வாட்ஸ்அப்ல எழுதுங்கம்மா, டக்குனு பதில் சொல்வாங்க” என்று இவர் சொல்லியிருக்கிறார். சற்று நேரத்தில் என் போனில் ஒரு வரி வந்தது. ‘வணக்கம். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று சொல்லுங்கள்.’ ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். அவரும் இடையிடையே கேட்டார், நானும் சொன்னேன். ஒரு வார்த்தைகூட இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில், ‘நீங்கள் சொல்வது சரிதான் மேடம், மேலே அனுப்புகிறேன்’ என்று எழுதினார்.

அனுப்பியிருப்பார் என்றுதான் நம்புகிறேன். போன வாரம் ஒரு புது விண்ணப்பத்தைத் திறந்து, சும்மா அந்தப் பக்கம் வரை நிரப்பிப் பார்த்தேன். போன் அதிர்ந்தது.