மலைக்குப் பின்னால் போன சைக்கிள்

கோடையில் மெழுகுக் கலர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டப்பாவைத் திறந்தால் அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம் அடிக்கும். இராஜபாளையத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியில் வகுப்புக்கே பொதுவாக இருந்த அந்த டப்பாவில் முதலில் தீர்ந்துபோவது எப்போதும் "பிரவுன்" கலர்தான். காரணம், நாங்கள் எல்லோரும் மலை வரைந்தோம். இரண்டு மலை, நடுவில் உதிக்கிற பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. ஓவியத்தில் அதற்கு மேல் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வரும் "டிராயிங் சார்" நினைத்ததும் ஏறக்குறைய அதுதான்.

எங்கள் ஊருக்கு மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அங்கே மறையுமே தவிர உதிக்காது. நித்தம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போன பிள்ளைகளில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துமாரியைத் தவிர. அவளுடைய அப்பாவுக்கு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். விடிந்ததும் அவள் தெருமுனையில் கிழக்கே பார்த்து நிற்பாள்; அவர் சைக்கிளில் வந்து, அவளை முன்கம்பியில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அன்றைக்கு அவள் அப்பாவைப் பார்ப்பது அவ்வளவுதான்.

ஒரு தடவை, கல்வி அதிகாரி அம்மா பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்று எல்லோரையும் சூரிய உதயம் வரையச் சொன்னார்கள். படங்களை வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிடுவதாக ஏற்பாடு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தவை சில இருந்தாலும், எல்லாப் படத்திலும் இரண்டு மலை இருந்தது. முத்துமாரியின் படத்தில் மில்லின் நீளக் கூரை, அதற்கு மேல் சூரியன், கீழே பெருவிரல் அளவுக்கு ஒரு சைக்கிளும் ஆளும். ஆளின் தலையில் வெள்ளைக் கலரால் புள்ளிகள் வைத்திருந்தாள். மில்லிலிருந்து வருகிறவர்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

"மலை எங்கம்மா?" என்றார் சார்.

"மலை அந்தப் பக்கம்ல இருக்கு சார். சூரியன் மில்லு பக்கமால்ல வருது."

சார் ஜன்னல் வழியே ஒரு நிமிடம் பார்த்தார். அவள் சொல்வது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அதிகாரி என்ன சொல்வாரோ என்ற பயம் அவருக்கு. "உதயம்னா மலை இருக்கணும்" என்று சொல்லி, தாளை என்னிடம் நீட்டினார். "நல்லா வரையுத புள்ளை நீதான். செத்த சரிபண்ணிக் குடு."

வீட்டில் என்னை "முந்திரிக்கொட்டை" என்பார்கள், பொய்யில்லை. மிச்சமிருந்த பிரவுன் துண்டை வாங்கி, மில் கூரை தெரியாமல் இரண்டு மலையை அழுத்தித் தீட்டினேன். மலையின் அடிவாரம் சைக்கிள் மேல் வந்து விழுந்தது. நான் நிறுத்தவில்லை. வேலை சுத்தமாக முடிந்ததில் எனக்குப் பெருமைகூட.

முத்துமாரி தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏட்டி, எங்கப்பா எங்க?"

"மலைக்குப் பின்னாடி இருக்காரு" என்றேன்.

அவள் அழவில்லை, சாரிடமும் போகவில்லை. அதிகாரி அம்மா திங்கட்கிழமை வந்து, "எல்லாம் ஒரே மாதிரி அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு டிராயிங் பீரியடில் சார் பலகையில் போடுவதை அப்படியே பார்த்துப் போட்டாள் முத்துமாரி.

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளின் தாளில் நான் கை வைப்பதில்லை. போன மாதம் மம்சாபுரம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறியபோது, முத்துமாரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மம்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இப்பவும் கெழக்க மலை வச்சுத்தான் சொல்லிக் குடுக்கியா?"

நானும் சிரித்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு மலைக்குப் பின்னாடி போயி மூணு வருசமாச்சுட்டி" என்றாள். சிரிப்பு மாறவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அவள் என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவளுடைய ஊர் வந்ததும் இறங்கிப் போனாள்.

அந்த மில்லும் இப்போது இல்லை. இடித்து பிளாட் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை என் நோட்டில் வரைந்து பார்த்தேன். கூரை வந்தது, சூரியன் வந்தது, தலையில் பஞ்சும் வந்தது. ஹேண்டில்பாரில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியதாக ஞாபகம்; எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. தீட்டி மறைப்பதற்கு முன்னால் நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.