செயினுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

கல்யாணமாகி வாலிநோக்கம் வந்த முதல் வாரம். உப்பளத்திலிருந்து சாயங்காலம் திரும்பிய என் நாத்தனார், தன் முகம் கால் கழுவுவதற்கு முன்னால், நான் வரிசையில் நின்று பிடித்துவந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மொண்டு சைக்கிள் செயின் மேல் ஊற்றினார். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, நிதானமாக, கண்ணி கண்ணியாக ஊற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதற்காக இடுப்பு ஒடிய நின்றவள் நான். குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்றுகிறாரே, இது என்ன கூத்து என்று மனசுக்குள் பொருமினேன்.

நான் நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரி, வயல்காட்டை நம்பிப் பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பெண். எங்கள் ஊரில் சைக்கிளுக்கு எதிரி கரிசல் சேறு ஒன்றுதான். காய்ந்ததும் குச்சியால் தட்டிவிட்டு எண்ணெயை ஊற்றினால் முடிந்தது வேலை. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று எங்கள் அய்யா மழை நாளில் சைக்கிளை வெளியே எடுக்கவே மாட்டார். அந்தப் புத்தியோடுதான் நான் கடற்கரைக்கு வந்து சேர்ந்தேன்.

நாத்தனாரை நான் மதினி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தம்பியோடு வந்து இருந்தவர். உப்பளமோ ஊரைத் தாண்டி வெகுதூரம். விடிவதற்குள் போய் மேஸ்திரி கண்ணில் பட்டாக வேண்டும்; பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. "கை காலு நல்லாருக்கைல தம்பிகிட்ட எதுக்குப் புள்ள தட்ட நீட்டணும்?" என்பார். சைக்கிள் ஓடினால்தான் வேலை. வேலை இருந்தால்தான் அந்த வீட்டில் அவரால் தலை நிமிர்ந்து நடக்க முடியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வெயில் ஏற ஏற அவருடைய உள்ளங்கையெல்லாம் உப்பில் வெடித்துப் போயிற்று. "கை எரியுது புள்ள. கொஞ்ச நாளைக்கு நீ சைக்கிளப் பாத்துக்க. முதல்ல தண்ணி, நல்லாக் காஞ்சப்புறந்தேன் எண்ணெய்" என்றார். சரி மதினி என்று தலையாட்டினேன். தண்ணீரை மிச்சம் பிடித்தேன், எண்ணெயைத் தாராளமாக விட்டேன். செயின் பளபளவென்று இருந்தது. "பரவால்லயே, சம்சாரி மக நல்லாத்தேன் வச்சிருக்கா" என்று மெச்சிக்கொண்டார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டேன். அவர் கை ஆறிய பிறகும் அந்த வேலை என்னிடமே இருந்தது.

ஒருநாள் காலையில் போன சுருக்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். முழங்காலில் சிராய்ப்பு. அறுந்த செயின் ஹேண்டில்பாரில் தொங்கியது. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தார். பாதிக் கண்ணிகள் மடங்கவே இல்லை. மேலே எண்ணெய்ப் பளபளப்பு, உள்ளே சிவப்புச் சிவப்பாகத் துருத்தூள். உப்பை உள்ளே விட்டு மேலே எண்ணெயால் மெழுகி வைத்திருக்கிறேன்! மதினி என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "போதும்க்கா. விழுந்து எந்திரிச்சு இதெல்லாம் எதுக்கு? இதப் பழைய இரும்புக்குப் போட்ருவோம். நீ வீட்ல இரு, நான் பாத்துக்கிறேன்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். மதினி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "செயினு பழசுப்பா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் அப்படியே போயிற்று. நான் பெருக்கின வாசலையே அவர் மறுபடி பெருக்கினார். கூப்பிட்டால்தான் சாப்பிட வந்தார். மூன்றாம் நாள் மத்தியானம், தம்பியோடு உட்கார்ந்து சாப்பிடுகையில், பாதிச் சாப்பாட்டில், "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கிறவா புள்ள?" என்று என்னிடம் கேட்டார். அந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் அவர் உப்புச் சுமந்து வாங்கியவை. தம்பிக்கு என்னைக் கட்டிவைத்ததும் அவர் உழைப்புதான். அவர் என்னிடம் குழம்பு கேட்டு உத்தரவு வாங்குகிறார்! அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, செயினு பழசாகி அறுந்து போகல. நான்தேன் தண்ணியே ஊத்தல. உப்போட எண்ணெய விட்டுக் கெடுத்தது நான்தேன். மதினி மேல ஒரு தப்பும் இல்ல" என்று வீட்டுக்காரரிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மதினி வெடித்தார். "இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் புள்ள! ஒரு சொம்புத் தண்ணிக்கு என்னைய மூலைல ஒக்கார வச்சுட்டியே!" சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு முழித்தார்.

மறுநாள் பழைய செயினையும் முன்னாலும் பின்னாலும் இருந்த இரண்டு பல் சக்கரங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் மதினியும் பரமக்குடிக்குப் பஸ் ஏறினோம். செயின் மட்டும் வாங்கினால் போதாதா என்பது என் எண்ணம். கடைக்காரர் ஒரு புதுச் செயினை எங்கள் பழைய சக்கரத்தின் மேல் வைத்துக் காட்டினார். உட்காரவில்லை. பல்லெல்லாம் தேய்ந்து ஒருபக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தது. "இதுல மாட்டுனா மிதிக்கைல வழுக்கி ஆளத் தள்ளிரும்மா. மூணையும் சேத்து மாத்திருங்க" என்றார். அவர் எடுத்துக் கொடுத்ததைப் பழைய செயினோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். புதுசு குட்டையாக இருந்தது. "மதினி, கொறையுதே, ஏமாத்துறாக!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் சிரித்தார். மதினியும் அந்த நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "நீளத்தப் பாக்காத புள்ள, கண்ணிய எண்ணு. பழசு தேஞ்சு நீண்டு போயிக் கெடக்கு." எண்ணிப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார்: கறுப்புச் செயின் ஒன்று, முலாம் பூசிய வெள்ளைச் செயின் ஒன்று. இரண்டையும் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்துவிட்டு, "நம்மூரு காத்துக்கு இதுதேன் கொஞ்சம் நிக்கும்" என்று வெள்ளையை எடுத்துக்கொண்டார்.

மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல் அவரைச் சேர்த்துக்கொண்டார். வேலைக்குத் திரும்பிய அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "என்ன புள்ள கொழம்பு இது? நாள் பூரா உப்ப அள்ளிட்டு வாரேன், வீட்ல ஒரு கல்லு உப்புப் போட மாட்டியா?"

இன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மதினி இன்னும் சைக்கிளில்தான் போகிறார், என் சமையலை இன்னும் திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறார். அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.