பூக் கேட்டு வாங்கிய மோடம்

என் சின்னம்மா மகன் வெள்ளியங்கிரிக்குத் துடியலூரில் பம்பு செய்யும் பட்டறை. நல்லவன், உழைப்பாளி. ஆனால் சொந்தத்தில் நாலு பேரைக் கேட்காமல் ஒரு குடம்கூட வாங்கமாட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் தாத்தா உடுமலைச் சந்தையில் மாட்டைப் பார்த்துவிட்டு, மூன்று சந்தை கழித்துத்தான் கயிற்றைப் பிடிப்பார். அதற்குள் மாடு கன்றே போட்டிருக்கும்.

தொண்ணூற்றெட்டில் துபாய்க்காரர் ஒருவர் இருநூறு பம்பு கேட்டார். மாதக் கடைசிக்குள் விலைப்பட்டியலை ஈமெயிலில் அனுப்பவேண்டும், தவறினால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறையில் வேலை குறைந்திருந்த வருஷம். அதுவும் கைநழுவினால் ஆளைக் குறைக்கவேண்டியதுதான். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதைப் போன் கம்பியோடு சேர்க்கும் மோடம்தான் பாக்கி.

காந்திபுரத்தில் கடை வைத்திருந்த அப்துல் குத்தூஸ் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று எக்ஸ் டூ, மற்றது ஃப்ளெக்ஸ்.

“ரெண்டும் ஒரே வேகந்தானுங்ணா. ஆனா இண்டர்நெட் ஆபீஸ்ல எந்த ரகம் வெச்சிருக்காங்களோ, அதே ரகம் உங்ககிட்டயும் இருந்தாத்தான் அந்த வேகம் வரும். மாறிப்போச்சுன்னா முக்காவாசிகூட வராது. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க.”

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு. “நம்மள்ல ஒரே கூட்டத்துல, பங்காளிக்குள்ள பொண்ணு கட்டக்கூடாதும்பாங்க. இங்க ஒரே கூட்டமா இருந்தாத்தான் சேருமாக்கும்!”

கேட்கவேண்டிய ஆபீஸை விட்டுவிட்டு உடுமலைக்குப் போன் போட்டான். மனைவியின் அண்ணன் பாலுசாமி அங்கே தேங்காய் வியாபாரி.

“எது கனமா இருக்குதோ அதையே எடுங்க மாப்ளே” என்றார் அவர்.

இரண்டும் ஒரே கனம். கொடுமுடியில் என் தங்கை வீட்டாரைக் கேட்டான். என்னையும் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? நல்ல நாள் பார்த்து வாங்கு என்றேன். இருபது நாள் ஓடிவிட்டது.

கடைசியில், கல்யாணத்துக்குப் பூக் கேட்பதுபோல அம்மன் முன்னால் இரண்டு பூப் பொட்டலம் வைத்தான். வெள்ளைப் பூ வந்தால் எக்ஸ் டூ, சிவப்பு வந்தால் ஃப்ளெக்ஸ். பூசாரி எடுத்துக் கொடுத்தது வெள்ளை. வாங்கி வந்து மாட்டினான். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது. வேகம் மட்டும் ஏறவே இல்லை.

“ஆத்தா பொய் சொல்லுவாளா?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

மனைவி நாச்சியம்மாள் மோடத்தை நிறுத்திவிட்டு இண்டர்நெட் ஆபீஸுக்குப் போன் செய்தாள். அரை நிமிஷப் பேச்சு.

“அங்க ஃப்ளெக்ஸாமுங்க. ஆத்தாகிட்டக் கேட்டீங்க, செரி. ஆபீஸ்காரங்க என்ன, வாய் பேசமாட்டாங்களா?”

“இப்பவே மாத்திட்டு வாரேன்.” செருப்பை மாட்டியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். “ஆத்தா குடுத்ததை எப்படித் திருப்பிக் குடுக்கறது? இன்னொருக்காப் பூக் கேக்கோணும் அம்மிணி.”

“ஏனுங்க, இன்னைக்குத்தான் கடைசி நாளு! இருக்கறது ஒரு பக்கப் பட்டியல். மெதுவாப் போனா என்ன, அதுக்குள்ள துபாய் நகந்தா போயிரும்?”

அவள் டைப்ரைட்டிங் லோயர் பாஸானவள். அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டினாள். மோடத்தை மறுபடி ஓடவிட்டு அனுப்பினாள். ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை, பட்டியல் போய்விட்டது.

மறுநாள் பதில் வந்தது. இருநூறு பம்பும் இவர்களுக்கே. கூடவே ஒரு கேள்வி: பெயிண்ட் பச்சையா, நீலமா?

“பாலுசாமி மச்சானை ஒரு வார்த்தை...” என்று வெள்ளியங்கிரி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். உள்ளே ஒரே கீச்சுச் சத்தம். நாச்சியம்மாள் அதே கம்பியில் ‘நீலம்’ என்று அனுப்பிக்கொண்டிருந்தாள்.